டார்ச்சைச் சுவரோடு சுவராகப் பிடியுங்கள்

இங்கிலாந்தின் பழைய சர்ச்சுகளில் பார்த்ததை நாங்கள் சிலர் இங்கே ஆளுக்கொரு பதிவாக எழுதுகிறோம். என் பங்கு ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஆஷ்வெல். அங்கே சர்ச் சுவரில் கீறிய பழைய எழுத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆஷ்வெல் அண்ட் மோர்டன் ஸ்டேஷன் ஆஷ்வெல்லில் இல்லை. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து கேம்பிரிட்ஜ் பாதையில் வந்து இறங்கினால், ஊருக்கு இன்னும் சுமார் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். எனக்கு இது தெரியாது. நவம்பர் மாதச் சாரல், இரண்டு பக்கமும் உழுதுபோட்ட வயல், ஷூவில் அப்பிய சுண்ணாம்புச் சேறு. ஊர் கிட்டே வந்த பிறகு வழி கேட்கத் தேவையில்லை. செயின்ட் மேரி சர்ச்சின் கோபுரம் 176 அடி உயரம். அதைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

கட்டடம் பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டுடையது. கல்லின் பெயர் கிளஞ்ச், அந்தப் பக்கத்தில் கிடைக்கும் மிருதுவான சுண்ணாம்புக்கல். உளிக்கு எவ்வளவு சுலபமாக இணங்குகிறதோ, மழைக்கும் அவ்வளவு சுலபமாகக் கரைகிறது. கோபுரத்தின் வெளிப்புறம் எலி கொறித்த ரொட்டி மாதிரி இருக்கிறது. ஆனால் நான் தேடிப் போன விஷயம் அங்கே இருப்பதற்கும் அதே மிருதுதான் காரணம். ஆணியோ கத்திமுனையோ கையில் இருந்தால் போதும், அந்தக் கல்லில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள்.

கோபுரத்தின் அடித்தளத்தில், உள்ளே வடக்குச் சுவரில் இருக்கிறது அந்த எழுத்து. நான் போய் நின்றேன். போன் டார்ச்சை நேராக அடித்தேன். வெறும் சுவர். தள்ளி நின்று அடித்தேன், கிட்டே போய் அடித்தேன். மங்கலாக ஏதோ கீறல், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பாட்டி பூச்சாடிகளில் வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஈரக் கையைக் கார்டிகனில் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் போனை வாங்கினார். அதைச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்தார், வெளிச்சம் கல்லின் மேல் படுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி.

அவ்வளவு நேரம் காணாத வரிகள் நிழலாக எழுந்து நின்றன. ஒவ்வொரு கீறலின் ஒரு கரை வெளிச்சம், மறு கரை கறுப்பு. அவர் கையை ஒரு அங்குலம் தூக்கினால் எழுத்து மறைந்துவிடும், இறக்கினால் திரும்ப வரும்.

லத்தீன் வரிகள். வருடத்தை நேராக எழுதாமல் செய்யுள் மாதிரி எழுதியிருக்கிறார் அந்த ஆள்: ரோமன் எண்களில் எம் ஒன்று, சி மூன்று, எக்ஸ் ஐந்து. கூட்டினால் 1350. பரிதாபமான, கொடிய, மூர்க்கமான காலம். நடந்ததற்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பது மனிதர்களில் கடைசிக் கழிசல் மட்டும் என்கிறார். பிளேக் இங்கிலாந்துக்குள் நுழைந்தது 1348இல். இதைக் கீறியவர் தப்பிப் பிழைத்தவர், அந்தக் கழிசலில் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அதன் கீழே இன்னொரு செய்தி: கடைசியில் பெருங்காற்று, புனித மௌரஸ் இந்த வருடம் உலகத்தில் இடிமுழங்குகிறார், 1361. மௌரஸ் திருநாள் ஜனவரி 15. அப்போது இங்கிலாந்தில் வருடம் பிறந்தது மார்ச் 25ஆம் தேதி என்பதால் நம் கணக்கில் இது 1362 ஜனவரி. நாரிச் கதீட்ரலின் கூர்கோபுரத்தைச் சாய்த்த அதே புயல்.

கீழே ஒரு பெரிய சர்ச்சின் படமும் கீறியிருக்கிறது. 1666 தீவிபத்தில் அழிந்துபோன பழைய செயின்ட் பால்ஸ் கதீட்ரல் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

எல்லாமே சோகம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே தூண்களில் வேறு கீறல்கள் இருக்கின்றன. ஆர்ச்டீக்கன் (பாதிரிகளுக்கு மேலதிகாரி) ஒரு கழுதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூலைக்கற்கள் சரியாகப் பொருந்தவில்லை, தூ என்று இன்னொருவர். பக்கத்து மேஸ்திரி வேலையைப் பார்த்து வயிறெரிந்த கொத்தனாராக இருக்கும், எனக்கு அப்படித்தான் படுகிறது. பாட்டிக்கும் அந்த வரிதான் ரொம்பப் பிடிக்குமாம்.

*

ஆஷ்வெல் நண்பர் மேலே சொன்ன டார்ச் வித்தை எனக்குத் தேவைப்படவில்லை. நான் போனது சர்ரேயில் சால்டன் ஊர்ச் சர்ச்சுக்கு. அங்கே டார்ச்சே வேண்டாம், நுழைந்து மேற்குச் சுவரைப் பார்த்தால் போதும். சுமார் 1200ஆம் ஆண்டு ஓவியம், 17 அடி அகலம், செங்காவி நிறம். நடுவில் ஓர் ஏணி, ஆன்மாக்கள் ஏறிக்கொண்டும் தலைகீழாக விழுந்துகொண்டும் இருக்கின்றன. கீழே பேய்கள் கொப்பரையில் ஆட்களைப் போட்டு வேகவைக்கின்றன. முள் பாலம் ஒன்றின் மேல் சிலர் நடக்கிறார்கள். என் ஆறு வயது மகன் அந்தப் பாலத்தைவிட்டு நகர மாட்டேன் என்றான். பல நூற்றாண்டு இதன் மேல் வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள், 19ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தது. வெள்ளையடித்தவர்களைத் திட்டத்தான் வாய் வரும். ஆனால் அந்த வெள்ளைதான் ஓவியத்தைக் காப்பாற்றியிருக்கிறது. மகன் வீட்டுக்கு வந்து ஏணியில் ஏறுகிறவர்களை விட்டுவிட்டு விழுகிறவர்களை மட்டும் வரைந்தான்.

*

சஃபோக்கில் பிளைத்பர்க் சர்ச்சுக்குப் போயிருக்கிறீர்களா யாராவது? சதுப்பு நிலத்துக்கு நடுவே கப்பல் நிற்கிற மாதிரி இருக்கும். வடக்குக் கதவில் கரிந்த தடங்கள் இருக்கின்றன. 1577 ஆகஸ்ட் 4ஆம் தேதி புயலில் கறுப்பு நாய் வடிவில் பேய் வந்து பிராண்டிய நகக்குறி என்பது ஊர்க் கதை. நான் விரலை வைத்துப் பார்த்தேன், மெழுகுவர்த்தி சுட்ட குழி மாதிரிதான் இருந்தது. மனைவியிடம் அப்படிச் சொன்னேன், வாயை மூடு என்றாள்.

அதைவிட எனக்குப் பிடித்தது கூரை. சிறகு விரித்த மரத் தேவதைகள். அவற்றில் ஈயக்குண்டுகள் பாய்ந்திருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர் சமயத்தில், சர்ச்சில் சிலைகளே கூடாது என்ற பியூரிட்டன்கள் சுட்டது என்று ரொம்ப நாள் பழி. கடைசியில் பார்த்தால் அந்தக் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டுடையவை. உள்ளே கூடு கட்டிய காக்கைகளை விரட்ட ஊர்க்காரர்களே சுட்டிருக்கிறார்கள்.

ஆஷ்வெல் நண்பருக்கு ஒரு கேள்வி: இருட்டிய பிறகு ஸ்டேஷனுக்கு எப்படித் திரும்பினீர்கள்? டாக்சி கிடைக்குமா?

*

கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கூப்பிட வேண்டுமே. போனில் இருந்த சார்ஜ் முழுவதும் சுவருக்கே செலவாகிவிட்டது. வந்த வழியே அதே மூன்று கிலோமீட்டர், கும்மிருட்டில். எதிரே கார் வரும்போதெல்லாம் ஓரத்துப் புதரில் ஏறி நின்றேன். இன்னொரு தடவை போனால் தனியாக ஒரு டார்ச் எடுத்துப் போவேன், பேட்டரியும்.