அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அங்குள்ள உரிமைகள் செல்லுமா?

ஈசூன் அம்மா:
மகள் ஆகஸ்ட்டில் மிச்சிகனுக்குப் படிக்கப் போகிறாள், மாணவர் விசா. பேச்சுரிமை, போலீஸ் கேட்டால் வாய் திறக்காமல் இருக்கும் உரிமை எல்லாம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தானா? நம் சிங்கப்பூர் அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்களுக்குத்தானே தருகிறது, அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். இவளோ ஊர்வலம் என்றால் முதல் ஆளாய் நிற்பாள்.

கிளமெண்டி கதிர்:
அக்கா, அவர் சொல்வது சிங்கப்பூருக்குச் சரி, அங்கே கதை வேறு. 1886லேயே யிக் வோ வழக்கில் இது வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி. கேட்ட சீனர்கள் சுமார் 200 பேருக்கும் கை விரித்துவிட்டார்கள், ஆனால் சீனர் அல்லாத 80 பேர் அதே மாதிரி மரக் கடையை நிம்மதியாக நடத்திக்கொண்டிருந்தார்கள். வழக்குப் போட்டவர் அமெரிக்கக் குடிமகனே இல்லை. சட்டத்தின் சமப் பாதுகாப்பு அந்த மண்ணில் இருக்கும் யாருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

பழைய வக்கீல்:
போலீஸ் விஷயத்தில் படத்தை நம்பாதீர்கள். ‘பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்’ என்று 1966 மிராண்டா தீர்ப்பு சொல்லச் சொல்லும் எச்சரிக்கை, காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான். 2013இல் சலினாஸ் வழக்கில் ஒருவர் தானாக ஸ்டேஷனுக்குப் போய், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, துப்பாக்கித் தோட்டா பற்றிக் கேட்டதும் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மௌனத்தையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள், உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் சும்மா இருந்தால் போதாது, ‘பதில் சொல்ல விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், விமான நிலையத்தில் வாரண்ட் இல்லாமலே பெட்டியைத் திறப்பார்கள், போனையும் பார்ப்பார்கள்.

தெம்பனிஸ்காரன்:
இன்னொன்று, பேச்சுரிமையைத் தரும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் அது பொருந்தும், தனியார் என்றால் அவர்கள் வைத்ததுதான் விதி. ஆனால் உண்மையான ஆபத்து விசாவில்தான். 2025இல் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் இறங்கிய வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசாவை ரத்து செய்தார்கள், சிலரைப் பிடித்து அடைத்தும் வைத்தார்கள். நீதிமன்றம் போய் வெளியே வந்தவர்கள் உண்டு, ஆனால் அதுவரை படிப்பு? நாடுகடத்தல் வழக்கில் அரசுச் செலவில் வக்கீல் கேட்கும் உரிமையும் கிடையாது, குற்ற வழக்கில்தான் அது.

ஈசூன் அம்மா:
சரி, வீட்டுக்காரரிடம் சலவைக்கடை கதையைச் சொல்லிவிட்டேன், முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊர்வலத்துக்குப் போகாதே என்றால் இவள் கேட்க மாட்டாள். மாணவர்களுக்குச் சட்ட உதவி தரும் அலுவலகம் பல்கலைக்கழகத்திலேயே இருக்குமா?

பழைய வக்கீல்:
பல இடங்களில் உண்டு. கிளம்பும் முன்னாலேயே மின்னஞ்சல் போட்டு, குடிநுழைவு வழக்கும் பார்ப்பார்களா என்று கேட்டுவிடச் சொல்லுங்கள்.