மில் கணக்குக் கொப்பியைக் காட்டாத பங்காளி: நீதிமன்றம் மூலம் வாங்கலாமா?

நெல்லுக்காரன்:
சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லில் நானும் பங்கு. பெரும்போகம் முடிந்தும் லாபக் கணக்கு வரவில்லை என்று கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். மற்றப் பங்காளி "நட்டம்தான்" என்று மறுமொழி போட்டுவிட்டார். நெல் வாங்கின கொப்பி, தவிடு விற்ற பில், வங்கிக் கூற்று எல்லாம் அவரிடம். லோயர் அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. கொப்பியின் சில பக்கங்களை முன்பு போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். விளக்கத்துக்கு (வழக்கு விசாரணைக்கு) முன்னரே அவரைக் காட்ட வைக்க வழி இருக்கா?

பழைய பதிவாளர்:
தம்பி, லோயரின் கடிதத்துக்கு வாய் திறக்காவிட்டால் அவருக்கு உடனே ஒன்றும் ஆகாது, நீதிமன்றக் கட்டளையை மீறினால்தான் சங்கடம். இலங்கையில் சிவில் வழக்கு நடத்தும் முறையைச் சொல்லும் சட்டமான குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 94ஆம் பிரிவுப்படி, விளக்கத்துக்கு முன் நீதிமன்ற அனுமதி எடுத்து, நீதிமன்றம் ஊடாகவே அவருக்கு எழுத்துக் கேள்விகள் அனுப்பலாம். பதில் சத்தியக்கடதாசியில், அதாவது சத்தியம் செய்து கையெழுத்திட்ட பத்திரத்தில், வரவேண்டும். ஒருவருக்கு ஒரு தொகுதிக் கேள்விதான், இரண்டாவதுக்கு மறுபடி அனுமதி கேட்கவேண்டும், அதனால் "எல்லாக் கணக்கையும் சொல்லு" என்று எழுதி அதை வீணாக்காமல், எந்த மாதம், எந்த வியாபாரிக்கு, எவ்வளவு தவிடு என்று கேளுங்கள். ஆவணத்துக்கு 102ஆம் பிரிவு: வழக்கோடு தொடர்பாகத் தன்னிடம் உள்ள, முன்பு இருந்த ஆவணங்களையெல்லாம் சத்தியக்கடதாசியில் சொல்லும்படி கட்டளை கேட்கலாம். கட்டளையையும் மதிக்காவிட்டால் அதே கோவையின் 109ஆம் பிரிவின் கீழ் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கக் கேட்கலாம்.

வாவிக்கரை:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் 109ஐ மட்டும் நம்பி இருக்காதீங்க. முதல் தடவையே எதிர்வாதத்தை அடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, இன்னொரு தவணைதான் (வேறொரு திகதிதான்) கொடுப்பார்கள். உங்கள் கையில் இருக்கிற படங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மூலக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் 66ஆம் பிரிவில் அறிவித்தல் கொடுத்து வையுங்கள். அவர் கொண்டுவராவிட்டால் உங்கள் படப் பிரதியை இரண்டாம் நிலைச் சாட்சியமாக (மூலத்துக்குப் பதிலாக) முன்வைக்க வழி திறக்கும். அதோடு, அறிவித்தல் கிடைத்தும் மறைத்தவர் பிறகு அதே கொப்பியைத் தனக்குச் சாதகமாகத் தூக்கிக்கொண்டு வரமுடியாது, உங்கள் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும் (அதே சட்டத்தின் 164ஆம் பிரிவு). வங்கிக் கூற்றுக்கு ஏன் அவரிடம் கெஞ்சவேண்டும்? வங்கி அதிகாரியைச் சாட்சிப் பட்டியலில் போட்டு அழைப்பாணை எடுங்கள்.

அது இருக்கட்டும், பங்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கா? மூலதனம் 1000 ரூபாய்க்கு மேல் என்றால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும், 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் 18ஆம் பிரிவு. அது இல்லாவிட்டால் கொப்பி வந்தும் பிரயோசனம் குறைவு.

நெல்லுக்காரன்:
ஒப்பந்தம் இருக்கு, நொத்தாரிசிடம் எழுதினது. வங்கியை நேரே கூப்பிடலாம் என்று யாரும் சொல்லவே இல்லை. பட்டியல் இன்னும் போடவில்லை.

பழைய பதிவாளர்:
அப்போ முதலில் அதைப் போடுங்கள். பட்டியலில் இல்லாத சாட்சியைப் பிறகு கூப்பிட நீதிபதியின் அனுமதி வேண்டும், எதிர்ப்பக்கம் கட்டாயம் ஆட்சேபிக்கும். வங்கிக் கிளையின் பெயர், கணக்கு இலக்கம், எந்தக் காலத்துக் கூற்று என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.