பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் தடை வந்தும் சாவு எண்ணிக்கை ஏன் சரியவில்லை?

கேள்வி:
நீல, பழுப்பு ஆஸ்பெஸ்டாஸை பிரிட்டன் 1985-ல் தடை செய்தது, வெள்ளையை 1999-ல். மீசோதீலியோமாவால் (நுரையீரலையோ வயிற்றையோ சுற்றியுள்ள சவ்வில் ஆஸ்பெஸ்டாஸால் வரும் புற்றுநோய்) 1968-ல் இறந்தவர்கள் 153 பேர். 2012 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சுமார் 2,500. அதற்குப் பிறகும் 2023 வரை 2,200-க்குக் கீழே இறங்கவில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் (அந்தத் தூசியால் நுரையீரல் தழும்பாகும் நோய்) என்று எழுதிய இறப்புச் சான்றிதழ்களும் ஆண்டுக்கு 500-ஐ ஒட்டியே வருகின்றன. தடையால் பலனில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
கூடாது. தூசி உள்ளே போனதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் நடுவே பெரும்பாலும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிடும். இன்று இறப்பவர்களில் பெரும்பாலோர் 1980-க்கு முன் கப்பல் தளத்திலும் கட்டட வேலையிலும் அதைச் சுவாசித்தவர்கள். பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ் பலகையை மின்ரம்பத்தில் அறுத்த தச்சர்கள் இதில் அதிகம்.

இன்னொன்றும் உண்டு. மீசோதீலியோமா ஆபத்து, முதன்முதலில் தூசி பட்ட நாளிலிருந்து கடந்த காலத்தின் 3 அல்லது 4-ஆம் அடுக்காக ஏறுகிறது. 20-ஆம் ஆண்டில் இருந்ததைவிட 40-ஆம் ஆண்டில் 8 முதல் 16 மடங்கு. வேலையை விட்டாலும் இந்த ஏற்றம் நிற்காது.

அதனால் நாட்காட்டி ஆண்டை வைத்து மொத்த எண்ணிக்கையை வரைபடமாகப் போடாதீர்கள். பிறந்த ஆண்டை ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் வயதுவாரி விகிதம் போடுங்கள். 65 வயதுக்குக் கீழான ஆண்களிடம் சாவு எப்போதோ குறையத் தொடங்கிவிட்டது. 75-ஐத் தாண்டியவர்களிடம்தான் ஏறியது. மொத்தக் கோடு அந்த இரண்டையும் கலந்து தட்டையாகக் காட்டுகிறது.

பதில் 2:
ஆஸ்பெஸ்டோசிஸ் கோட்டில் வேறு சிக்கல். அந்த 500 என்பது சான்றிதழில் எங்காவது பெயர் வந்தவை. அதுவே மூலக் காரணம் என்று குறித்தவை இதைவிடக் குறைவு. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மீசோதீலியோமாவும் சேர்ந்து எழுதிய சான்றிதழ்களை அந்த 500-ல் ஏற்கெனவே கழித்துவிட்டார்கள். நீங்களே சான்றிதழ்களை எண்ணினால் அவற்றைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு கோட்டிலும் வருவார்.

பழைய வேலை விவரத்தை மருத்துவர் கேட்காமல் விட்டால், அதே நோய் காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோயாகப் பதிவாகிவிடும். அந்தக் குறைபாட்டை எந்த வரைபடமும் சரிசெய்யாது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் 1999-ல் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். இறப்புக் காரணங்களுக்குக் குறியீடு போடும் சர்வதேச நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பு (ஐசிடி-10) அங்கே அந்த ஆண்டுதான் வந்தது. மீசோதீலியோமாவுக்கெனத் தனிக் குறியீடு சி45 அதில்தான் கிடைத்தது. பிரிட்டனின் மீசோதீலியோமா பதிவேடு 1968-லிருந்தே சான்றிதழில் உள்ள சொல்லைப் பார்த்துச் சேர்ப்பதால் அங்கே அந்த முறிவு இல்லை.

கேட்டவர்:
நன்றி. நுரையீரல் புற்றுநோயையும் சேர்க்கலாமா?

பதில் 1:
ஒரே கோட்டில் வேண்டாம். புகையால் வந்ததா ஆஸ்பெஸ்டாஸால் வந்ததா என்று ஒருவருடைய கட்டியைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ மீசோதீலியோமா அளவுக்கு இருக்கும் என்பது மதிப்பீடு, எண்ணிய கணக்கல்ல. புள்ளிக்கோடாகத் தனியே போடுங்கள். பெண்களையும் பிரித்துக் காட்டுங்கள்: மீசோதீலியோமாவில் ஆண்டுக்கு 400 முதல் 500. அவர்களில் பலருக்கு ஆஸ்பெஸ்டாஸை நேரடியாகக் கையாண்ட வேலையே இருந்திருக்காது.

தடை புதிய பயன்பாட்டைத்தான் நிறுத்தியது. பள்ளி, மருத்துவமனைச் சுவர்களில் பழையது இன்னும் இருக்கிறது. ஆகவே 1960-க்குப் பிறகு பிறந்தவர்களின் கோட்டைத் தனி நிறத்தில் வரையுங்கள். ஓராண்டு எண்கள் மிகச் சிறியவை, ஏறி இறங்கி ஆடும் என்பதால் மூன்றாண்டுச் சராசரியாக.