அழற்சிகாட்டி: ‘இதயநோய்க் குறி’ வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம். சி.ஆர்.பி. (ரத்தத்தில் அளக்கப்படும் சி-ரியாக்டிவ் புரதம்) போன்றவற்றுக்கு நம் துண்டறிக்கையில் எந்தத் தமிழ்ச்சொல்லை இடுவது என்ற பேச்சில் வந்த முன்மொழிவு இது:

> இதயத் தமனி நோயைக் கண்டறிய உதவும் சி.ஆர்.பி. போன்றவற்றை ‘இதயநோய்க் குறி’ எனலாம்.

ஐயா, இந்தச் சொல்லை ஏற்க என்னால் முடியவில்லை. இதே சொல்லை எழுதி ஓர் அம்மாவை நான் அழவைத்திருக்கிறேன். பெங்களூரு அல்சூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர்களுக்கு முடிவுத்தாளின் ஓரத்தில் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அந்த அம்மாவின் சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 14 மில்லிகிராம். ‘இதயநோய்க் குறி: 14’ என்று எழுதினேன். அடைப்பு வந்துவிட்டது என்று நம்பி, சேலத்திலிருந்த மகளை அன்றிரவே வரவழைத்துவிட்டார். மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னார். கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். பல்லை எடுத்துச் சில வாரம் கழித்துச் சோதித்தபோது அளவு 2.

உடலில் எங்கே அழற்சி (தொற்றாலோ காயத்தாலோ வரும் வீக்கமும் எரிச்சலும்) தோன்றினாலும், இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் தூண்டக் கல்லீரல் இந்தப் புரதத்தைச் சுரக்கிறது. எரிகிற இடம் பல்லா, மூட்டா, தமனியா என்று அந்த எண்ணிலிருந்து தெரியாது. அடைப்பைக் கண்ணால் காண ஆஞ்சியோகிராம் போன்ற சோதனை வேண்டும். ஆனால் தமனிச் சுவரில் கொழுப்பு படிகிற இடத்திலும் அழற்சி ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிறது. அதனால்தான், வேறு நோய்த்தொற்று இல்லாதவருக்கு அளவு 1-க்குக் கீழே என்றால் மாரடைப்பு வாய்ப்பு குறைவு, 3-க்கு மேல் என்றால் கூடுதல் என்று மதிப்பிடுகிறார்கள். 10-ஐத் தாண்டினால் முதலில் தொற்றைத் தேடிவிட்டு, அது அடங்கியபின் மறுபடி சோதிப்பார்கள்.

எனவே என் பரிந்துரை ‘அழற்சிகாட்டி’. அழல் என்றாலே நெருப்பு. அழற்சியைப் போல் இவ்வளவு பொருத்தமான சொல் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பேறு. திசைகாட்டி வடக்கைக் காட்டும், ஊரைக் காட்டாது. இதுவும் அப்படித்தான். ‘அறிகுறி’ நோயாளி உணர்கிற வலிக்கும் காய்ச்சலுக்கும் உரியது. ‘சுட்டி’ கணினிக்குப் போய்விட்டது. ‘குறிப்பான்’ தவறில்லை, ஆனால் எங்கள் கூடத்துக்கு வருகிறவர்களிடம் அதைச் சொன்னால், யார் எதைக் குறிப்பார் என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று. ‘உயர் உணர்திறன் சி.ஆர்.பி.’ என்று எழுதுவதைப் படிப்பவர் அது வேறொரு புரதம் என்று நினைக்கிறார். புரதம் அதேதான், மிகக் குறைந்த அளவையும் அளக்கும் சோதனை, அவ்வளவே. ‘நுண்ணளவு சி.ஆர்.பி. சோதனை’ என்றால் குழப்பம் தீரும். ‘சி’யைத் தமிழாக்க வேண்டாம். 1930-இல் டில்லெட், பிரான்சிஸ் என்ற ஆய்வாளர்கள் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டபோது, நுண்ணுயிரின் சி-சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்ததால் வந்த எழுத்து அது.

‘அழற்சிக்காட்டி’ என்று ஒற்று மிகுமா எனக் குழுவில் கேட்டிருந்தீர்கள் அம்மா: வழிகாட்டி, திசைகாட்டி போல இங்கும் ‘க்’ மிகாது. மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்; சனிக்கிழமை துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது.