ஜெர்மன் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் சாமிமாருக்கும் சிஸ்டர்மாருக்கும்

விசா பற்றியும் மொழித் தேர்வு பற்றியும் சொல்ல உங்கள் மறைமாவட்டத்திலும் சபையிலும் ஆள் இருப்பார்கள். வந்து இறங்கிய பிறகு அன்றாடம் எப்படிப் போகும் என்பதைப் பற்றித்தான் இந்தத் தொடர். நான் இருப்பது தெற்கே, ஸ்வாபியா பக்கம். வடக்கே போனவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும்.

முதலில் காகித வேலை, சுருக்கமாக. வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்று எழுதியதும் திருச்சபை வரி தொடங்கிவிடும். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. சாமியாருக்கும் விலக்கு கிடையாது. பிடிக்காதவர்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறிவிடலாம். 2022இல் மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான கத்தோலிக்கர்கள் அப்படி வெளியேறினார்கள். ஆகவே இன்று பூசைக்கு வந்து உட்கார்ந்திருப்பவர், போகலாம் என்று தெரிந்தும் போகாமல் இருப்பவர். பங்குப் பேரவையில் அவர் கணக்குக் கேட்டால், உங்கள் திட்டம் சரிவராது என்று முகத்துக்கு நேரே சொன்னால், கோபப்படாதீர்கள். உரிமையோடு கேட்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் வீடு. நம் ஊரில் பைக்கை நிறுத்துவதற்குள் நாலு பேர் எழுந்து ‘ஸ்தோத்திரம் சாமி’ என்பார்கள். அறைவீட்டில், அதாவது பங்குச் சாமி தங்கும் வீட்டில், சமைக்க ஓர் அக்கா, கோயிலைப் பார்த்துக்கொள்ள கோயில்பிள்ளை, ஊர் விஷயத்துக்கு உபதேசியார். குருமடத்தில் எவ்வளவுதான் தாழ்ச்சி பற்றித் தியானம் செய்திருந்தாலும், தட்டை யாரோ எடுத்துக்கொண்டு போவது பழகிப்போயிருக்கும். இங்கே பெரும்பாலும் ஒரு பெரிய வீடும் நீங்களும்தான். துணி, சமையல், மாடிப்படி எல்லாம் உங்கள் வேலை. குப்பைக்குத் தனி அட்டவணை உண்டு: பிளாஸ்டிக் பொதிகள் ஒன்றில், சமையல் கழிவு ஒன்றில், காகிதம் ஒன்றில், மிச்சம் ஒன்றில். எந்த நாள் எந்தத் தொட்டி என்ற நாட்காட்டியைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். பனி விழுந்த காலையில் வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையை நீங்கள்தான் வழிக்க வேண்டும். பல ஊர்களில் ஏழு மணிக்குள் முடித்திருக்க வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில். அடுக்குமாடியில் குடியிருந்தால், ஸ்வாபியாவில் வாரமுறை வைத்துப் பொதுப் படிக்கட்டைப் பெருக்கும் வழக்கமும் சேரும். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும்.

தொட்டி மாறிப்போனால் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து சொல்வார். அதே பாட்டி ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் இருப்பார். இங்கே அவர் தகவல் சொல்கிறார், அதற்குள் வேறு அர்த்தம் தேடாதீர்கள். மாலையில் அவர் கேக் கொண்டுவந்து தரவும் கூடும்.

மொழிதான் பெரிய பள்ளிக்கூடம். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் படித்து பி2 நிலைத் தேர்வில் தேறி வந்திருப்பீர்கள். அந்த ஜெர்மன் வேறு, இங்கே ரொட்டிக் கடையில் பேசும் ஸ்வாபியன் வேறு. முதல் குளிர்காலம் முழுக்கப் பாதிதான் புரியும். அப்போது நம்மவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு: சிரித்துத் தலையாட்டுவது. நம்மிடையே அது மரியாதை. இங்கே தலையாட்டினால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் நீங்கள் வராத இடத்தில் முப்பது பேர் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். ‘புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள். மறையுரையை எழுதி, பங்குச் செயலரிடமோ வாசகம் வாசிப்பவரிடமோ முன்கூட்டியே கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பீடப் பிள்ளைகள் உங்கள் உச்சரிப்பைத் திருத்துவார்கள், அவர்களைப் போல நல்ல ஆசிரியர்கள் வேறு கிடைக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் சீகன்பால்கை நினைத்துக்கொள்ளலாம். இதே நாட்டிலிருந்து 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மறைபரப்பாளர். திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்தைப் படித்தார். 1708இல் தரங்கம்பாடி டேனிஷ் தளபதி அவரைப் பிடித்துச் சில மாதங்கள் சிறையில் வைத்தார். ஆனாலும் 1714, 15இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிவிட்டார். அவர் லுத்தரன், நாம் கத்தோலிக்கர், அது இருக்கட்டும். அவர் ஊர்ப் பிள்ளைகள் இப்போது நமக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று எண்ணினால் பாதி வெட்கம் போய்விடும்.

அடுத்தது கொஞ்சம் உறைக்கும். பங்குக் குழுவில் சம்பளத்துக்குப் பணிசெய்யும் பொதுநிலையினர் இருப்பார்கள், பலர் பெண்கள். பல்கலைக்கழகத்தில் இறையியல் முழுப் படிப்பு முடித்தவர்களும் அவர்களில் உண்டு. உங்கள் குருமடப் பாடத்தை விடக் கூடுதலாகவே படித்திருக்கலாம். அடக்கச் சடங்கு நடத்துவார்கள், முதல் நன்மை வகுப்பு எடுப்பார்கள், பல மறைமாவட்டங்களில் மறையுரையும் வைப்பார்கள். கூட்டத்தில் உங்கள் கருத்து ஒரு கருத்து, அவ்வளவே. ‘நான்தானே குரு’ என்று மனசுக்குள் ஒரு குரல் எழும். அதை வெளியே விடாமல், அவர்கள் எப்படி வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வருடம் பாருங்கள்.

சாவு வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் கற்றது அங்கேதான். நம் ஊரில் மணி அடித்ததும் தெருவே கூடிவிடும், மறுநாளுக்குள் எடுத்துவிடுவோம். இறந்தவரை நமக்குத் தெரியும், உயிர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் போதும். இங்கே அடக்கத்துக்குச் சில நாட்கள், தகனம் என்றால் சில வாரங்கள்கூட ஆகும். தகனம்தான் இப்போது பெரும்பான்மை. அதற்கு முன் நீங்கள் குடும்பத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். காபி ஊற்றுவார்கள். பிறகு பேசுவார்கள், சில சமயம் பேசாமல் இருப்பார்கள். அப்பா எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தார், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டு வந்தார், எந்த மகனோடு பல வருடம் பேச்சில்லை, எல்லாம் வரும். நீங்கள் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு கேட்க வேண்டியதுதான். உங்கள் மொழி தட்டுத்தடுமாறுவது அங்கே குறையாகத் தெரிவதில்லை. மெதுவாகக் கேட்பவரிடம் அவர்களும் மெதுவாகச் சொல்கிறார்கள். மேசையைச் சுற்றி இருப்பவர்களில் இரண்டு பேர் திருச்சபையை விட்டுப் போனவர்களாக இருக்கலாம். ஏன் போனீர்கள் என்று அன்றைக்குக் கேட்காதீர்கள். நவம்பர் 1 பிற்பகல் கல்லறை மந்திரிப்புக்கு அதே முகங்கள் வந்து நிற்கும், அப்போது பேச நேரம் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. பணிவு என்ற பெயரில் எல்லாவற்றையும் சுமக்காதீர்கள். முக்கியமாக முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் சிஸ்டர்களுக்குச் சொல்கிறேன். வார விடுப்பும் ஆண்டு விடுப்பும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், அதை எடுங்கள். இரவுப் பணி உங்களுக்கே தொடர்ந்து விழுந்தால் பொறுப்பாளரிடம் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். வெளிநாட்டுக்காரிதானே, வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தால், இங்குள்ளவர்கள் உங்களுக்குச் சம்மதம் என்றே நினைப்பார்கள். நிறத்தை வைத்து யாராவது பேசினாலும் அப்படியே. தாழ்ச்சி என்று விழுங்க வேண்டிய காரியம் இல்லை அது.

தமிழ் முகம் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டில் கேவலார் போங்கள். டச்சு எல்லைக்குப் பக்கத்தில் உள்ள மாதா திருத்தலம். ஆண்டுதோறும் தமிழர் திருயாத்திரை நடக்கும், ஆயிரக்கணக்கில் ஈழத்தமிழர் வருவார்கள், சைவக் குடும்பங்களும் நிறைய. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்து, உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். ‘ஃபாதர், சாப்பிட்டிட்டீங்களோ’ என்று அவர்கள் கேட்டு நீட்டும் தட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் எப்படி வாழ்வது என்று அவர்களுக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை, கேட்க நிறைய உண்டு.

கடைசியாக, கார். நான்கு கோயிலுக்கு ஒரு குரு என்ற நிலையில் வண்டி இல்லாமல் முடியாது. இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடிவந்த பிறகு ஆறு மாதம்தான் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுத வேண்டும். நாகர்கோவில் நெரிசலில் இருபது வருடம் ஓட்டியவர் என்றாலும் 17 வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஓட்டுநர் பள்ளியில் வந்த முதல் மாதமே பெயர் கொடுங்கள். குளிர்கால டயருக்கு இங்கே ஒரு பொதுக்கணக்கு உண்டு, அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை. பட்டறையில் செப்டம்பரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள், முதல் பனிக்குப் பிறகு கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.