மாருதி 800: வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணச் சீரமைப்பு) பார்த்தும் இடது பக்கம் இழுக்கிறது, உதவுங்கள்

அப்பா ஓட்டிய 2006 மாடல் வண்டி. முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டும் இழுப்பு நிற்கவில்லை, ஆகவே டயரில் குறையில்லை. இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிவிட்டது. வேகத்தடையில் இறங்கும்போது 'டொக்' சத்தம்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசைவில்லை. மேலும் கீழுமாக ஆட்டினால் லேசாக ஆடுகிறது. தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆட்டினேன், அப்போதும் ஆடுகிறது. சக்கரம் சுழல உதவும் வீல் பேரிங்கில் தேய்மானம் என்றால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றிருக்கும். அதனால் வீல் பேரிங் இல்லை, லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) முனையில் உள்ள பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) என்றே படுகிறது. சரிதானா?

ஒர்க்‌ஷாப்பில் ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்கிறார்கள். ஆயில் கசிவில்லை, பானட்டை அழுத்திவிட்டால் ஒரே துள்ளலில் நிற்கிறது. ஆர்ம், அதன் ரப்பர் புஷ் மட்டும் மாற்றி மறுபடி அலைன்மென்ட் பார்த்தால் போதுமா? அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வண்டி, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.