போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் புதுப் பதிப்பு ஏன் பெரும்பாலும் செப்டம்பரிலேயே வருகிறது? நாங்கள் எப்போதுதான் மாறுவது?

இரவுப்பணி:
நாங்கள் இன்னும் போஸ்ட்கிரெஸ் 13-இல்தான் இருக்கிறோம், திட்டாதீர்கள். புதுப் பதிப்பு பெரும்பாலும் செப்டம்பரில் வரும், அந்த நேரம் பார்த்து எங்கள் பில்லிங்கில் தீபாவளி விற்பனை, சர்வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. அது முடிந்தால் வருடக் கடைசி, அப்புறம் மார்ச் கணக்கு முடிப்பு. ஏப்ரலில் கொஞ்சம் மூச்சு விட்டால், "இன்னும் அஞ்சு மாசத்தில் அடுத்தது வருதே, நேரா அதுக்கே போயிடலாம்" என்கிறார் மேலாளர். இப்படியே ஓட்டி, 2025 நவம்பரில் 13-க்கு ஆதரவும் முடிந்துவிட்டது. வேறு மாதத்தில் வெளியிட்டால் சீக்கிரம் மாறியிருப்போமா, இல்லை இதெல்லாம் சாக்கா?

பழைய டிபிஏ:
பாதிக்கு மேல் சாக்கு. செப்டம்பரில் வந்ததை செப்டம்பரிலேயே ஏற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று திருத்தப் பதிப்புகள் வருகின்றன, நீங்கள் மூச்சு விடும் ஏப்ரலுக்குள் இரண்டு திருத்தமாவது வந்திருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் 5 வருடம் ஆதரவு உண்டு, 13-இலிருந்து 18-க்கு ஒரே தாவலில் போகலாம், நடுவில் நின்று நின்று போக வேண்டியதில்லை. உங்கள் மேலாளர் சொல்லும் "அடுத்தது" வருடா வருடம் வரும் சார்.

கம்பிவேலி:
"இரண்டு திருத்தம் வரட்டும்" என்பதையும் ரொம்ப நம்பாதீர்கள். 14-இல் நாங்கள் அப்படித்தான் பொறுத்திருந்து 14.2-க்குப் போனோம். கன்கரன்ட்லி போட்டு (டேபிளில் எழுதுவதை நிறுத்தாமலே) இண்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் பட்டியல், கட்டினால் அதில் சில வரிசைகள் விட்டுப்போகும் பிழை 14.2-இலும் இருந்தது, 2022 ஜூனில் 14.4 வந்துதான் தீர்ந்தது. போன் நம்பரைப் போட்டுத் தேடினால் வாடிக்கையாளர் இல்லை என்கிறது, டேபிளை முழுசாகப் படித்தால் அதே ஆள் உட்கார்ந்திருக்கிறார்! இரண்டு நாள் எங்கள் கோடைத்தான் சந்தேகப்பட்டோம். எல்லாரும் காத்திருந்தால் பிழையும் சேர்ந்து காத்திருக்கும், அவ்வளவுதான். மே, ஜூனில் பீட்டா (சோதனைப் பதிப்பு) வரும்போது உங்கள் பேக்கப்பை அதில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

நடுராத்திரி:
மாதத்தில் ஒன்றும் இல்லை ப்ரோ. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் 8.0 வந்தது 2018 ஏப்ரலில், உங்களுக்குத் தோதான மாதம். ஆனாலும் 2023 அக்டோபரில் 5.7-க்கு ஆதரவு முடியும்வரை நகராத இடத்தில் வேலை பார்த்தவன் நான். உண்மையான பயம், திரும்பி வர வழி இல்லை என்பதுதான். போஸ்ட்கிரெஸிலும் லிங்க் முறையில் (டேட்டாவை நகலெடுக்காமல் பழைய ஃபைல்களையே வைத்து) மாற்றிப் புது சர்வரை ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் பழையதைத் தொட முடியாது, பேக்கப்தான் கதி. இன்னொன்று, 17 வரைக்கும் பிஜி அப்கிரேட் என்ற பதிப்பு மாற்றும் கருவி, குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்க உதவும் புள்ளிவிவரங்களைக் கொண்டுவராது. ஞாயிறு இரவு மாற்றிவிட்டு, அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் அனலைஸை ஓட்ட மறந்தால் திங்கள் காலை எல்லா குவெரியும் நொண்டும். 18-இல் பெரும்பாலும் கூடவே வந்துவிடுகிறது, காத்திருந்ததில் உங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

இரவுப்பணி:
சரி, நேற்று ராத்திரி பேக்கப்பை வேறொரு மெஷினில் இறக்கி, பிஜி அப்கிரேடைச் செக் ஆப்ஷனோடு மட்டும் (எதையும் மாற்றாமல் சோதிக்க) ஓட்டினேன். புதுப் பதிப்பில் ஒரு எக்ஸ்டென்ஷனின் (கூடுதல் வசதிக்காகச் சேர்ப்பது) லைப்ரரி இல்லை என்று நின்றது. 2020-இல் யாரோ போட்டது, போட்டவர் வேலையை விட்டே போய்விட்டார், எதற்கென்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தீபாவளி மேல் பழி போட்டதெல்லாம் வாபஸ். முதலில் இதை யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடுகிறேன்.